வட இந்தியக் குளிர்காலம்: உங்கள் கார் தயாரா? பழுதானால் வாரண்டி கைகொடுக்குமா?

டெல்லி, நொய்டா, குருகிராம், சண்டிகர் என்று வேலைக்காக வடக்கே போன நம்மவர்கள் பலருக்கும், முதல் குளிர்காலத்துக்கான தயாரிப்பு ஸ்வெட்டர், ரஜாய், ரூம் ஹீட்டரோடு முடிந்துவிடும். காருக்கும் குளிருக்கும் என்ன சம்பந்தம் என்பது ஏதாவது ஒரு ஜனவரி காலையில்தான் தெரியவரும். ஆபீஸுக்கு லேட் ஆகும் நேரத்தில் ஸ்டார்ட் செய்தால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் வரும், இன்ஜின் சுற்றாது.

'வாரண்டிதான் இருக்கே' என்ற தைரியத்தில் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தால், பெரும்பாலும் கிடைக்கும் பதில்: "சார், இது வாரண்டில வராது."

ஏன் வராது? அப்படியென்றால் எதுதான் வரும்? குளிர் தொடங்கும் முன் எதையெல்லாம் பார்த்துவைக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வாரண்டி எதற்குப் பொறுப்பு?

வாரண்டி என்பது ஒரே ஒரு விஷயத்துக்கான உத்தரவாதம்: தயாரிப்புக் குறைபாடு. அதாவது, ஒரு பாகம் செய்யப்பட்ட விதத்திலோ பொருத்தப்பட்ட விதத்திலோ தவறு இருந்தால், அதை நிறுவனம் இலவசமாகச் சரிசெய்து தரும். இன்ஜின், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங், ஏசி கம்ப்ரசர் போன்றவற்றில் உள்ள குறைகள் இதில் வரும்.

இந்தியாவில் இன்று விற்கும் பல கார்களுக்கு மூன்று ஆண்டு வாரண்டி இருக்கிறது. மாருதி சுசூகி 2024 ஜூலையில் தன் வாரண்டியை 2 ஆண்டு / 40,000 கி.மீ. என்பதிலிருந்து 3 ஆண்டு / 1,00,000 கி.மீ. ஆக உயர்த்தியது. இதில் கவனிக்க வேண்டியது, ஆண்டு, கி.மீ. இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதோடு வாரண்டியும் முடிந்துவிடும்.

பொதுவாக வாரண்டியில் வராதவை:

- ஓட ஓடத் தேய்பவை: பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர் பிளேடு
- மாற்ற வேண்டியவை: ஆயில், கூலன்ட், ஃபில்டர்
- விபத்து, வெள்ளம், தவறான எரிபொருள், எலி கடித்த வயரிங் ஆகியவற்றால் வரும் சேதம்
- பேட்டரி, டயர்: இவற்றுக்கு அவற்றைத் தயாரித்த நிறுவனமே தனியாக வாரண்டி தரும்

எலி விஷயத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். குளிர்காலத்தில், அப்போதுதான் நிறுத்திய காரின் சூடான பானெட் எலிக்கு நல்ல படுக்கை. கடித்து வைத்தால் அது வாரண்டி விவகாரம் இல்லை, இன்சூரன்ஸ் விவகாரம். பாலிசியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று இப்போதே படித்துப் பாருங்கள்.

இப்போது மேலே உள்ள பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். பேட்டரி, டயர், வைப்பர், கூலன்ட், பிரேக். குளிர்காலத்தில் முதலில் கைவிடும் பாகங்கள் கிட்டத்தட்ட எல்லாமே அதில்தான் இருக்கின்றன. அதனால்தான் குளிர்காலப் பழுதுக்கு வாரண்டியை நம்பியிருக்க முடியாது. பராமரிப்பு ஒன்றுதான் வழி.

நாமே வாரண்டியைக் கெடுத்துக்கொள்வது எப்படி?

குறைபாடு நிஜமாகவே நிறுவனத்துடையதாக இருந்தாலும் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். வழக்கமான காரணங்கள் மூன்று.

ஒன்று, சர்வீஸைத் தள்ளிப்போடுவது. பல கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஓராண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் செய்ய வேண்டும். 'வண்டியே ஓடலையே, வொர்க் ஃப்ரம் ஹோம்தானே' என்று விட்டுவிட்டால், கி.மீ. ஏறாவிட்டாலும் ஓராண்டுக் கெடு ஓடிவிடும்.

இரண்டு, வயரை வெட்டி ஒட்டுவது. வெளியில் போடும் ஃபாக் லேம்ப், ஹார்ன், மியூசிக் சிஸ்டத்துக்காக ஒரிஜினல் வயரிங்கை வெட்டினால், பிறகு வரும் எலக்ட்ரிக்கல் பழுதுக்கெல்லாம் அதையே காரணம் காட்டுவார்கள். கப்ளர் வழியாக, வெட்டாமல் பொருத்துவது பாதுகாப்பு.

மூன்று, பில்லைத் தொலைப்பது. எந்த ஆயில், எந்தத் தேதி, எத்தனை கி.மீ. என்பதற்கு உங்களிடம் இருக்கும் சாட்சி பில்தான். போனில் ஒரு ஃபோட்டோ எடுத்துவைத்தால் போதும்.

வெளியில் சர்வீஸ் செய்தால் வாரண்டி போய்விடுமா?

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக ஓர் உத்தரவு போட்டது. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காக மட்டும் ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளியில் நடந்த தவறான வேலையால் பழுது வந்தால் அதற்கு மறுக்கலாம் என்பதே அதன் சாரம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின.

கொள்கை உங்கள் பக்கம் இருந்தாலும், 'பழுதுக்கும் வெளி வேலைக்கும் சம்பந்தம் இல்லை' என்று சர்வீஸ் சென்டர் கவுண்டரில் நின்று வாதாட வேண்டியவர் நீங்கள்தான். எனவே வாரண்டி இருக்கும்வரை இன்ஜின், எலக்ட்ரிக்கல் வேலைகளை அங்கீகரிக்கப்பட்ட சென்டரிலேயே செய்வது நல்லது. பஞ்சர், வீல் அலைன்மென்ட், வாட்டர் வாஷ் எல்லாம் எங்கு செய்தாலும் பிரச்னை இல்லை.

சரி, குளிர் காரை என்ன செய்கிறது?

பேட்டரி: பேட்டரியை உண்மையில் தேய்ப்பது வெயில். மே, ஜூன் வெப்பத்தில் உள்ளே சேதம் நடந்திருக்கும். ஆனால் வெளியே தெரியாது. குளிரில் ரசாயன வினை மந்தமாகி பேட்டரியின் சக்தி குறைகிறது. அதே நேரம் ஆயில் கெட்டியாவதால் இன்ஜினைச் சுற்ற அதிக சக்தி தேவைப்படுகிறது. கோடையில் ஒளிந்திருந்த பலவீனம் ஜனவரியில் மாட்டிக்கொள்கிறது.

சோதிப்பது எளிது. இரவு முழுக்க நின்ற காரில், ஸ்டார்ட் செய்யும் முன் மல்ட்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. பேட்டரி மூன்று, நான்கு வயதைத் தாண்டியிருந்தால் லோட் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். பேட்டரி வாரண்டி கார்டில் வாங்கிய தேதி எழுதி, முத்திரை வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். வாரண்டியின் பிற்பகுதியில் முழு மாற்றாக இல்லாமல், விலையில் கழிவாகத் தருவதும் உண்டு.

டயர்: வெப்பநிலை 5, 6 டிகிரி குறைந்தால் டயரில் சுமார் 1 பிஎஸ்ஐ காற்றழுத்தம் குறையும். செப்டம்பரில் 35 டிகிரி வெயிலில் 33 பிஎஸ்ஐ வைத்தீர்கள் என்றால், ஜனவரியில் 5 டிகிரி குளிரில் அது 28க்கு வந்திருக்கும், பஞ்சரே இல்லாமல். டேஷ்போர்டில் டயர் விளக்கு எரிவதற்கு இதுவே போதும். கார் ஓடுவதற்கு முன்பு, டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். சரியான அளவு ஓட்டுநர் கதவுப் பக்கத்தில் ஸ்டிக்கராக இருக்கும்.

டயர் பள்ளம் சட்டப்படி குறைந்தது 1.6 மி.மீ. இருக்க வேண்டும். பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு டயரின் மேற்பரப்போடு சமமாகிவிட்டால், மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கூலன்ட்: சென்னையில் 'தண்ணி ஊத்தினா போதும்' என்று ஓட்டிய கார் என்றால் இது முக்கியம். தண்ணீர் 0 டிகிரியில் உறைந்து சுமார் 9 சதவீதம் விரியும். இரவு மணாலியில் நிறுத்தினால் ரேடியேட்டரோ இன்ஜின் பிளாக்கோ விரிசல் விடலாம். கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் சரிபாதியாகக் கலந்தால், மைனஸ் 30க்குக் கீழும் உறையாது. வெறும் தண்ணீரால் இன்ஜின் வெடித்தால் வாரண்டியில் ஒரு பைசா வராது.

ஆயில்: டப்பாவில் 5டபிள்யூ-30 என்று எழுதியிருக்கிறதே, அந்த டபிள்யூ 'வின்டர்' என்பதைக் குறிக்கும். அதற்கு முன்னால் உள்ள எண் சிறியதாக இருந்தால் குளிரில் ஆயில் எளிதாக ஓடும். ஆனால் நீங்களாக மாற்ற வேண்டாம். ஓனர்ஸ் மேனுவலில் சொன்ன கிரேடு மட்டும் போடுங்கள்.

டீசல்: கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும். அதனால்தான் நாட்டில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் டீசலின் தர அளவுகள் வேறு வேறு. லடாக்குக்காகவே இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் மைனஸ் 33 டிகிரி வரை இறுகாத டீசலை அறிமுகப்படுத்தியது. மலைக்குப் போனால் கீழே டேங்கை நிரப்பிக்கொண்டு ஏறாமல், மேலே உள்ள பங்கில் நிரப்புங்கள். மண்ணெண்ணெய் கலக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இன்ஜெக்டர் கெடும், கிளெய்மும் போகும்.

மின்சாரக் கார்: குளிரில் ஒரே சார்ஜில் ஓடும் தூரம் குறையும், சார்ஜ் ஏறுவதும் மெதுவாகும். இது குறைபாடு அல்ல, பேட்டரியின் இயல்பு. வெயில் வந்ததும் பழையபடி திரும்பிவிடும். திரும்பவில்லை என்றால்தான் வாரண்டியைக் கேட்க வேண்டும்.

மூடுபனியில் எவ்வளவு வேகம் பாதுகாப்பானது?

பழுது பணத்தோடு போகும். மூடுபனி அப்படி இல்லை.

கண்ணுக்குத் தெரியும் தூரம் 200 மீட்டருக்குக் கீழே போனால் அடர் மூடுபனி, 50 மீட்டருக்கும் கீழே என்றால் மிக அடர் மூடுபனி என்கிறது இந்திய வானிலை ஆய்வு மையம். கங்கைச் சமவெளியில் டிசம்பர், ஜனவரியில் இது சகஜம்.

ஒரு சின்னக் கணக்கு. 80 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும். எதிரே நிற்கும் லாரியைப் பார்த்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 33 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த சாலையிலேயே இன்னும் சுமார் 35 மீட்டர். ஆக மொத்தம் 68 மீட்டர். கண்ணுக்குத் தெரிவதோ 50 மீட்டர். மோதல் உறுதி.

அதே இடத்தில் 40 கி.மீ. வேகம் என்றால் சுமார் 26 மீட்டரில் நின்றுவிடலாம். சாலை ஈரமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். கிரேட்டர் நொய்டாவையும் ஆக்ராவையும் இணைக்கும் 165 கி.மீ. யமுனா எக்ஸ்பிரஸ்வேயில், சமீப ஆண்டுகளில் டிசம்பர் 15 முதல் பிப்ரவரி 15 வரை கார்களின் வேக வரம்பை 100லிருந்து 75 ஆகக் குறைப்பது இதனால்தான். மிக அடர் மூடுபனியில் அந்த 75ம் அதிகம்.

மூடுபனியில் மறக்கக் கூடாதவை:

- ஹை பீம் வேண்டாம். வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். லோ பீமும் ஃபாக் லேம்ப்பும் போதும்.
- ஓடும்போது நான்கு இண்டிகேட்டரையும் போடாதீர்கள். நீங்கள் நிற்கிறீர்களா, திரும்புகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.
- கண்ணாடி உள்ளே மங்கினால் துணியால் துடைக்காமல் ஏசியைப் போடுங்கள். ஏசி ஈரத்தை இழுத்துவிடும். வெப்பநிலையைச் சூடாக வைத்து, வெளிக்காற்று உள்ளே வரும்படி மாற்றினால் சீக்கிரம் தெளியும்.
- எதுவுமே தெரியவில்லையா? சாலையிலோ ஓரத்திலோ நிறுத்தாதீர்கள். டோல் பிளாசா, தாபா, பெட்ரோல் பங்க் என்று சாலையை விட்டு விலகி நிறுத்துங்கள்.

வீக்கெண்டில் பனி பார்க்கப் போகிறீர்களா?

9 கி.மீ. நீள அடல் சுரங்கம் 2020 அக்டோபரில் திறந்த பிறகு, மணாலியிலிருந்து லாஹௌல் பகுதிக்குக் குளிர்காலத்திலும் போக முடிகிறது. ஆனால் பனி விழும் நாட்களில் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளையும், டயரில் சங்கிலி கட்டிய வண்டிகளையும் மட்டுமே போலீஸ் அனுமதிப்பது உண்டு. கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சங்கிலியை இன்ஜின் இழுக்கும் சக்கரங்களில் கட்ட வேண்டும். பெரும்பாலான சின்னக் கார்களில் அது முன் சக்கரம். நிழல் விழும் வளைவு, பாலம், சுரங்க வாசல் ஆகிய இடங்களில் தார்ச்சாலை போலவே தெரியும் மெல்லிய பனிப்படலம் இருக்கும். அங்கே சட்டென்று பிரேக் அடிக்காமல், முன்கூட்டியே கியரைக் குறைத்து மெதுவாகப் போங்கள்.

இரவு நிறுத்தும்போது கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஹேண்ட் பிரேக் உறைந்து பிடித்துக்கொள்ளலாம். காலையில் கண்ணாடியில் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். பனியில் சிக்கிக்கொண்டால் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். சைலன்சரைப் பனி மூடினால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது.

நியாயமான கிளெய்மை மறுத்தால்?

முதலில், மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். 'ஜாப் கார்டில் எழுதிக் கொடுங்க' என்று கேட்டாலே பல இடங்களில் பேச்சின் தொனி மாறும். அடுத்து, நிறுவனத்தின் கஸ்டமர் கேருக்கு இமெயில். அதற்கும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கார் சென்னையில் வாங்கியது, நீங்கள் இப்போது குருகிராமில் இருக்கிறீர்கள் என்றால் கவலை வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே புகார் தரலாம். பிரச்னை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தர வேண்டும். 10 முதல் 20 லட்சம் ரூபாய் வரையிலான காருக்குக் கட்டணம் 400 ரூபாய்தான்.

குளிருக்கு முன் ஒரு சனிக்கிழமை

1. பேட்டரி வோல்டேஜ், முனைகளில் வெள்ளைப் பூச்சு
2. நான்கு டயருடன் ஸ்டெப்னியிலும் காற்று, டயர் பள்ளம்
3. கூலன்ட், ஆயில், வாஷர் தண்ணீர்
4. வைப்பர், ஹெட்லைட், பிரேக் லைட், பின்கண்ணாடி டீஃபாகர்
5. மாசுச் சான்றிதழ், இன்சூரன்ஸ், ரோடுசைடு அசிஸ்டன்ஸ் ஆகியவற்றின் கடைசித் தேதி
6. டிக்கியில் ஜம்பர் கேபிள், டார்ச், எச்சரிக்கை முக்கோணம், ஒரு போர்வை

டெல்லியைச் சுற்றி இருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். காற்று மாசு மோசமாகி கட்டுப்பாடுகளின் மூன்றாம் கட்டம் அமலுக்கு வந்தால் பிஎஸ்-3 பெட்ரோல், பிஎஸ்-4 டீசல் கார்களுக்கு டெல்லி, குருகிராம், ஃபரிதாபாத், காசியாபாத், நொய்டாவில் தடை வரும். உங்கள் கார் எந்த ரகம் என்று ஆர்சியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் நேரம் இல்லையென்றால், முதல் இரண்டை மட்டுமாவது இந்த வாரமே முடித்துவிடுங்கள். டயரில் காற்றுப் பிடிக்கும் இடத்திலேயே பெரும்பாலும் பேட்டரியையும் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.