தோட்டத்துச் சொல்லும் பல்கலைக்கழகக் கல்வியும்: பேராவில் மாணவர் பரிமாற்றத்தின் வரலாறு



கடல் கடந்து கற்க வரும் மாணவர், தாம் வந்த நாட்டின் பண்பாட்டை எவரிடமிருந்து அறிந்துகொள்கிறார் என்னும் வினாவே இன்றைய உரையின் பொருள். இன்று நம் பல்கலைக்கழகங்களில் அயல்நாட்டு மாணவர்க்கெனப் பண்பாட்டு நிகழ்ச்சிகள் பல நடைபெறுகின்றன. கோலமிடுதல், பரதநாட்டியம், வாழையிலை விருந்து ஆகியவற்றோடு அவை பெரும்பாலும் நிறைவெய்திவிடுகின்றன. அவற்றை நாம் குறைகூற வரவில்லை. ஆயினும் இம்மண்ணில் இதனினும் ஆழமான பரிமாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. அவற்றை நினைவுகூர்ந்தால், இன்று நாம் எதைத் தவறவிடுகிறோம் என்பது புலனாகும்.

பேராவின் இரப்பர் வரலாறே ஒரு பரிமாற்றத்தில்தான் தொடங்குகிறது. பிரேசிலில் தோன்றிய மரத்தின் கன்றுகள் இலண்டன் கியூ தோட்டம் வழியாகச் சிங்கப்பூரை அடைந்து, 1877ஆம் ஆண்டில் கோலாகங்சாரில் ஊன்றப்பட்டன. அங்கே ஆங்கிலேய ஆட்சிப் பேராளராய் இருந்த ஹியூ லோ தம் மாளிகைத் தோட்டத்தில் அவற்றை நட்டார். அடுத்த அரை நூற்றாண்டில் பேராவின் காடுகள் கித்தாத் தோட்டங்களாயின. அத்தோட்டங்களுக்குத் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் கங்காணிகளால் அழைத்துவரப்பட்டனர். மரம் கடல் கடந்தது. மக்கள் கடல் கடந்தனர். அவர்தம் மொழியும் கடல் கடந்தது.

கல்வியோ அத்தகைய வேகத்தில் வரவில்லை. பத்துப் பிள்ளைகளேனும் வாழும் தோட்டத்தில் பள்ளி அமைத்தல் வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. எனினும் அப்பள்ளிகளுட் பல கொட்டகை நிலையைக் கடக்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் என்பது கனவிலும் எட்டாத பொருளாகவே இருந்தது. அதே காலத்தில் பேராவின் தென்கோடியில், 1922இல், தஞ்சோங் மாலிமில் சுல்தான் இத்ரிஸ் பயிற்சிக் கல்லூரி நிறுவப்பட்டது. மலாய்த் தீபகற்பத்தின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர் அங்கே ஒன்றுகூடினர். அக்கூட்டுறவு மலாய் மொழிக்கும் மலாய்த் தேசிய உணர்வுக்கும் பெருந்துணையாயிற்று. பல ஊர் மாணவர் ஓரிடத்தில் கற்பதால் ஒரு மொழி எவ்வாறு வலிவு பெறும் என்பதற்கு இக்கல்லூரியே நம் மாநிலத்தின் முதற்சான்று.

தமிழர் பக்கத்தில் அத்தகைய பயணம் எதிர்த்திசையில் நிகழ்ந்தது. 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் அவர்கள், கோலாகங்சாரில் பள்ளிக் கல்வியை முடித்துச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1929இல் தோன்றிய அப்பல்கலைக்கழகம் அந்நாளில் தமிழாய்வின் தலைமையிடங்களுள் ஒன்றாய் விளங்கியது. இன்றைய சொல்லிற் கூறுவதாயின், அவர் ஓர் அயல்நாட்டு மாணவர். நாடு திரும்பியவர் 1955இல் மலாய இந்தியர் காங்கிரசின் தலைவரானார். நாட்டின் விடுதலைக்குப் பாடுபட்டோருள் ஒருவரானார். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவுக்கு வந்த வேளையில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கச் செய்தார்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. சம்பந்தன் அவர்கள் தோட்ட உரிமையாளரின் மைந்தர். கப்பலேறிக் கற்கும் வாய்ப்பு வசதியுடையோர்க்கே கிட்டிற்று. பால்வெட்டும் தாயின் மகனுக்குக் கிட்டவில்லை. பரிமாற்றத்தின் வரலாற்றைப் பேசும்போது, யாருக்கு அது வாய்க்கவில்லை என்பதையும் சேர்த்தே பேசுதல் வேண்டும்.

ஆனால் அத்தொழிலாளரே பிறிதொரு வகையில் பல்கலைக்கழகத்திற்குள் நுழைந்தனர். மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தோன்றியது. அங்கே இந்தியவியல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, தமிழுக்கு உரிய முதன்மை கிடைக்குமா, சமஸ்கிருதத்திற்கா என்ற வழக்கு மூண்டது. தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்டினார். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த தமிழர் தம் உழைப்பின் ஊதியத்திலிருந்து வெள்ளிகளை ஈந்தனர். 1956இல் துறை தொடங்கிற்று. தமிழ் அதன் நடுவிடத்தைப் பெற்றது. கல்லூரி வாயிலை மிதியாத கைகள் கொடுத்த பொருளும் அத்துறையின் அடித்தளத்தில் உண்டு.

அத்துறைக்கு 1961இல் வந்தவர் தனிநாயகம் அடிகளார். யாழ்ப்பாணத்தை அடுத்த தீவகத்தில் 1913இல் பிறந்து, உரோமையில் இறையியலும் அண்ணாமலையில் தமிழும் இலண்டனில் கல்வியியலும் கற்றவர். தாமே ஒரு நடமாடும் மாணவர் பரிமாற்றம் என்று சொல்லத்தக்கவர். அவர் காலத்தில் கோலாலம்பூர் தமிழாய்வின் சந்தியாயிற்று. ஈழத்திலிருந்து வரலாற்றறிஞர் சி. அரசரத்தினம் வந்தார், மொழியியலறிஞர் இராம. சுப்பையா துறையில் பணியாற்றினார். 1966 ஏப்ரலில் முதலாம் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. ஐரோப்பியரும் இந்தியரும் ஈழத்தவரும் மலேசியரும் ஓரவையில் அமர்ந்து தமிழைப் பற்றி வாதிட்டனர்.

அந்த 1966ஆம் ஆண்டினை மொழியியலார் பிறிதொரு காரணத்திற்காகவும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அவ்வாண்டில் அத்துறையின் உழைப்பால் இரு நூல்கள் வெளிவந்தன. ஒன்று, அந்தாம் தெ புரோயென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துகேய அகராதி. 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சாகி, வத்திக்கான் நூலகத்தில் உறங்கிய அதனை அடிகளார் மறுபதிப்பாகக் கொணர்ந்தார். மற்றொன்று, கீழ்ப்பேராவில் வழங்கும் தமிழ்க் கிளைமொழிகளின் சொற்களை ஆராய்ந்து இராம. சுப்பையா அவர்கள் எழுதிய நூல். ஒருபுறம் உரோமாபுரியின் நூற்பேழை. மறுபுறம் தோட்டத்து மக்களின் வாய்மொழி. இரண்டும் ஒரே துறைக்குச் சமமான ஆய்வுப் பொருளாயின. பண்பாட்டுப் பரிமாற்றம் என்பதற்கு இதனினும் சிறந்த இலக்கணத்தை நாம் அறியோம்.

கீழ்ப்பேராவின் வாய்மொழி ஏன் ஆய்வுக்குரியது? தமிழகத்தில் ஒருவரையொருவர் காணாத பல மாவட்டத்தார் இங்கே ஒரே லயத்தில் வாழ்ந்தனர். அண்டையில் தெலுங்கரும் மலையாளிகளும் இருந்தனர். கம்பத்தில் மலாய்க்காரரும் பட்டணத்தில் சீனரும் இருந்தனர். இக்கலப்பினின்று தோட்டத்தமிழ் பிறந்தது. மலாய்ச் சொல்லாகிய ‘கெத்தா’ கித்தாவாயிற்று. ‘மங்கோக்’ பால் ஏந்தும் மங்காயிற்று. விடியுமுன் தொழிலாளர் பெயர் கொடுக்கக் கூடும் களம், ஆங்கிலத்தின் பரேடு என்னும் சொல்லால் பெரட்டுக்களமாயிற்று. கிராணி, தண்டல், ஆயாக்கொட்டகை, ஒட்டுப்பால் என ஒவ்வொரு சொல்லும் ஒரு தொழிலமைப்பின் சான்றாவணம். இலக்கிய வழக்கில் இவற்றைத் தேடினால் காணல் அரிது.

நாம் ஆய்வு மாணவராய் இருந்த நாளில் ஒலிப்பதிவுக் கருவியுடன் கீழ்ப்பேராத் தோட்டமொன்றுக்குச் சென்றோம். உடன் அயல்நாட்டு மாணவர் ஒருவரும் வந்திருந்தார். வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் மாலை முழுதும் சலியாமல் சொற்களைச் சொன்னார். உளி பிடிக்கும் முறையையும் கைகளால் காட்டினார். விடைபெறும்போது, “இவ்ளோ எழுதிக்கிட்டுப் போறீங்களே தம்பி, இதெல்லாம் எங்க பிள்ளைங்க படிக்கிற மாதிரி திரும்பி வருமா?” என்று கேட்டார். வரும் என்றோம். வரவில்லை. நம் ஆய்வேடு தேர்வாளர் கைக்குச் சென்றது; ஒலிநாடாக்கள் ஈரத்தில் பழுதாயின. அத்தோட்டம் பின்னர் செம்பனையாயிற்று; லயங்கள் இடிக்கப்பட்டன; அம்மையாரின் மக்கள் ஈப்போவின் புறநகர்க்குக் குடிபெயர்ந்தனர். அந்தக் கடன் இன்றும் நம்மேல் உள்ளது.

இக்குறை நம் ஒருவருடையது மட்டுமன்று. 1966இல் வெளிவந்த கீழ்ப்பேரா நூலும் ஆங்கிலத்திலேயே அமைந்தது. எவருடைய சொற்கள் அதில் பதிவாயினவோ அவருட் பெரும்பாலோர் அதனைப் படிக்க இயலாது. உலகப் புலமைக்கு அம்மொழி தேவைப்பட்டது என்பது உண்மையே. ஆயினும் கொண்டதைத் திருப்பித் தராத பரிமாற்றம் பரிமாற்றம் ஆகாது, அது கொள்முதல்.

இன்று பேராவில் உயர்கல்விக்குக் குறைவில்லை. தஞ்சோங் மாலிம் கல்லூரி 1997இல் பல்கலைக்கழகமாய் உயர்ந்தது. கம்பாரிலும் ஸ்ரீ இஸ்கண்டாரிலும் பல்கலைக்கழக வளாகங்கள் உள்ளன. பல நாட்டு மாணவர் வருகின்றனர். நாட்டின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் மிகுதியானவை இம்மாநிலத்தில்தான் உள்ளன. இவ்விரண்டையும் இணைக்கும் பாலம் மட்டுமே இல்லை.

ஆதலின் மூன்று செயல்களை இம்மன்றத்தின்முன் வைக்கிறோம். முதலாவது, அயல்நாட்டு மாணவர்க்கான பண்பாட்டுத் திட்டத்தில் தோட்ட வாழ்வை அறிந்த முதியோர் இல்லத்தில் சில நாள் தங்கும் வாய்ப்பு இடம்பெறல் வேண்டும். அம்முதியோர்க்கு ஆசிரியர்க்குரிய மதிப்பும் மதிப்பூதியமும் அளித்தல் வேண்டும். இரண்டாவது, மாணவர் பதிவு செய்யும் சொல்லும் பாட்டும் கதையும் ஒரு படியாகத் தமிழில் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியை அடைதல் வேண்டும்; அஃது அடையும்வரை அப்பணி நிறைவுற்றதாகக் கொள்ளலாகாது. மூன்றாவது, நம் மாணவர் தமிழகத்துக்கோ ஈழத்துக்கோ கற்கச் செல்லும்போது வெறுங்கையோடு செல்லலாகாது. கீழ்ப்பேராவின் சொற்களைத் தம் அறிவுப் பொருளாக எடுத்துச் செல்லல் வேண்டும். நாம் பெறுவோர் மட்டும் அல்லர். தரற்கும் நம்மிடம் உண்டு.

காலம் நமக்காகக் காத்திராது. பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்தோர் இன்று முதுமையின் எல்லையில் உள்ளனர். புரோயென்சாவின் அகராதி ஒரு நூலகத்தில் இருந்தமையால் மூன்று நூற்றாண்டு அளவும் பிழைத்தது. அம்மையாரின் சொற்களுக்கு அத்தகைய நூலகம் இல்லை. அவரைப் போன்றோர் இன்னும் சிலர் ஈப்போவின் புறநகர் வீடுகளில் வாழ்கின்றனர். அவர்கள் வாயிலை நாம் தட்டுவோமாக. இம்முறை, கொண்டதைத் திருப்பித் தருவதற்கும் சேர்த்தே செல்வோமாக.