டீக்கடை பாய்லரும் அக்கா பையன் வாங்கிய கெட்டிலும்

போன தை மாசம் சென்னையிலிருந்து அக்கா பையன் வந்திருந்தான். கம்ப்யூட்டர் வேலை. சனி, ஞாயிறு ஆனா பையைத் தூக்கிக்கிட்டு மலையேறக் கிளம்பிடுற ஆளு. சவுக்குத் தோப்புல உக்காந்திருக்கும்போது பையிலிருந்து ஒரு எவர்சில்வர் பாத்திரத்தை எடுத்து வச்சான். மேலே குறுகி, கீழே அகண்டு, நடுவுல மேலிருந்து கீழ் வரைக்கும் ஓட்டை.

"மாமா, இது இன்னான்னு சொல்லுங்க பாப்போம். விறகு கெட்டில். கேஸ் வேணாம், மண்ணெண்ணெய் வேணாம். குச்சி பொறுக்கிப் போட்டாப் போதும், தண்ணி கொதிச்சிடும். வெளிநாட்டு மாடல்."

வாங்கி உள்ளே பார்த்தேன். இரட்டைச் சுவர். சுவருக்கு நடுவில் தண்ணீர். உள் ஓட்டைதான் புகைபோக்கி. அடியில் நெருப்புக்கு ஒரு கிண்ணம்.

"டேய், இது நம்ம டீக்கடை பாய்லர்டா. குட்டியாக்கி விக்கிறான்" என்றேன். அவன் நம்பல. அன்னைக்கு அவனுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதறேன்.

நமக்குப் பாகூர் பக்கம். எழுபதுகளின் கடைசியில், கத்தரிக்காய் மூட்டையோட அப்பா புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் போகும்போது நானும் தொத்திக்குவேன். விடியறதுக்கு முன்னாடியே அங்கே டீக்கடையில் பாய்லர் தயாராக இருக்கும். பளபளன்னு தேய்ச்ச பித்தளை உடம்பு, அதில் விபூதிப் பட்டை, குங்குமம். நடுக்குழாயில் வேலிக்காத்தான் கரி கனன்றுகொண்டிருக்கும். சுற்றிலும் தண்ணீர். பக்கவாட்டில் ஒரு குழாய். உள்ளே ஒரு காசு போட்டு வச்சிருப்பாங்க. தண்ணி கொதிச்சா அது 'டக டக'ன்னு ஆடும். சத்தம் மாறினா மாஸ்டர் தண்ணி ஊத்துவார். வெப்பமானி, விசில் எல்லாமே அந்த ஒரு காசுதான்.

அந்த அமைப்பில் ஒரு பெரிய கெட்டிக்காரத்தனம் இருக்கு. மூணு கல்லு வச்சு மேலே சட்டியை ஏத்தினா, சூட்டில் பெரும்பகுதி பக்கவாட்டில் காத்தோட போயிடும். பாய்லரில் நெருப்பு தண்ணீரின் வயிற்றுக்குள்ளேயே இருக்கு. எந்தப் பக்கம் சூடு போனாலும் தண்ணீரைத் தொடாமல் போக முடியாது. அதனால் கொஞ்சம் கரியிலேயே நாள் முழுக்க வெந்நீர்.

இந்த அமைப்புக்குப் பெயர்போன ஊர் ரஷ்யாவின் துலா. 1778-இல் லிசித்சின் சகோதரர்கள் அங்கே சமோவார் பட்டறை நடத்தியது பதிவாகியிருக்கிறது. சமோவார் என்றால் 'தானே கொதிப்பது' என்று பொருள். ரஷ்யா, ஈரான், துருக்கி, காஷ்மீர் எங்கும் இந்தப் பாத்திரம் உண்டு. காஷ்மீரில் தாமிரத்தில் செய்து 'சமாவார்' என்கிறார்கள். நம்ம பாய்லர் எந்த வழியாக வந்திருக்கும்? ஒரு சின்னத் தடயம் பக்கத்திலேயே இருக்கு. கேரள டீக்கடைகளில் இன்றும் இதன் பெயர் 'சமோவர்'தான். நாம் ஆங்கிலப் பெயரை எடுத்துக்கொண்டோம், மலையாளிகள் ரஷ்யப் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

டீ நமக்குப் பழைய பழக்கம் இல்லை. 1903-இல் பிரிட்டிஷ் இந்தியாவில் தேயிலைக்கு வரி போட்டு, அந்தப் பணத்தில் விளம்பரம் செய்ய ஆரம்பித்தார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் பஞ்சாலை, சுரங்கம், தொழிற்சாலைகளில் டீக்கடை வைக்கச் சொல்லி முதலாளிகளைப் பிடித்தார்கள். முப்பதுகளில் ஊர் ஊராகப் போய்ப் போட்டுக் கொடுத்துக் குடிக்கப் பழக்கினார்கள். அதன்பிறகு, இலையை நசுக்கிக் குருணையாக்கும் இயந்திரம் பரவி மலிவான டஸ்ட் டீ வந்ததும் டீக்கடை தெருவுக்குத் தெரு முளைத்தது.

புதுச்சேரி அப்போ பிரெஞ்சுக்காரன் ஊர். ஆனாலும் மில் ஊர். சவானா மில், கெப்ளே மில், முதலியார்பேட்டை ரோடியர் மில் என்று மூணு பெரிய ஆலைகள். 1936 ஜூலை 30 அன்று சவானா மில் போராட்டத்தில் 12 தொழிலாளிகள் சுடப்பட்டுச் செத்தார்கள். அடுத்த வருஷமே எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. நான் பார்த்த காலத்திலும் ஷிப்ட் மாறும்போது மில் வாசலில் பாய்லரைச் சுத்தித்தான் கூட்டம். சங்கு ஊதின பத்து நிமிஷத்தில் நூறு கிளாஸ் போடணும்னா, எப்பவும் கொதிக்கிற தண்ணி வேணும். சாதாரண அடுப்பு அதுக்குத் தாங்காது.

வீட்டிலும் இதன் அண்ணன் ஒருத்தன் இருந்தான், குளிக்கிற வெந்நீர் பாய்லர். எங்க ஆயா சீரா கொண்டுவந்தது, முழுக்கத் தாமிரம். சவுக்கு மிளாறும் தேங்காய் மட்டையும் போட்டா, வீட்டில் எல்லாரும் குளிச்சிடலாம். சவுக்கே 19ஆம் நூற்றாண்டில் ரயில் என்ஜினுக்கும் பட்டணத்து அடுப்புக்கும் விறகு வேணும்னு இந்தக் கடற்கரை முழுக்க நட்ட மரம்தானே. கரண்டு ஹீட்டர் வாங்கின வருஷம் அந்தப் பாய்லரை எடைக்குப் போட்டேன். கடைக்காரர் சுத்தியால் ஒரே அடி, உள் குழாய் நசுங்கிப் போச்சு. ஆயா திண்ணையில் உக்காந்து பாத்துக்கிட்டிருந்தாங்க. ஒண்ணும் சொல்லல. அந்தப் பணம் எதில் செலவாச்சுன்னுகூட ஞாபகம் இல்லை.

அக்கா பையன் கெட்டிலுக்கும் ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அயர்லாந்தின் மேயோ பகுதியில், ஏரியில் மீன் பிடிக்கப் போனவர்கள் காத்திலும் மழையிலும் டீ போட இதே அமைப்பில் கெட்டில் செய்தார்கள். 1929-இல் நியூசிலாந்தின் ஜான் ஹார்ட் 'தெர்மெட்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரில் நியூசிலாந்துச் சிப்பாய்கள் அதை வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அதுக்குக் கிடைச்ச பட்டப்பெயர் 'பெங்காசி பாய்லர்'. பாத்தீங்களா, அவங்களுக்கும் பாய்லர்தான்!

வாங்க நினைக்கிறவங்களுக்கு ஒரு பாய்லர் வீட்டுக்காரனா நாலு வார்த்தை. ஒருத்தர் போக அரை லிட்டர் போதும், மூணு நாலு பேர்னா ஒன்றரை லிட்டர். அலுமினியம் எடை குறைவு, எவர்சில்வர் அடி தாங்கும். தாமிரம், பித்தளைன்னா உள்ளே ஈயம் பூசியிருக்கணும், பூச இப்போ ஆள் கிடைக்கறது கஷ்டம். தண்ணி இல்லாம நெருப்பு வைக்காதீங்க, பத்தவைப்பு விட்டுடும். மூடியை அடைச்சுக்கிட்டுக் கொதிக்க விடாதீங்க, ஆவி போக வழி வேணும். பாலை உள்ளே ஊத்தாதீங்க, கழுவ முடியாது. நம்ம பாய்லரிலும் தண்ணி தனி, பால் தனிதானே.

கடைசியா முக்கியமானது. காப்புக்காட்டில் நெருப்பு மூட்டுவது குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன 20 பேருக்கு மேல் செத்ததை மறக்க வேண்டாம். "இந்தக் கெட்டில் மலைக்குக் கிடையாது மாப்ளே, நம்ம கொல்லைக்குத்தான்" என்று சொல்லிவிட்டேன். முகம் வாடிப்போச்சு. ஆனா சரின்னான்.

அன்னைக்கு மோட்டார் கொட்டகை பக்கத்துல, தரையில் சருகைப் பெருக்கித் தள்ளிட்டு, காஞ்ச சவுக்குக் காயைப் போட்டுப் பத்த வச்சோம். நல்லாவே எரிஞ்சுது. சுக்குத் தட்டிப் போட்டு வரக்காப்பி. கெட்டில் என்ன விலைன்னு கேட்டேன். சொன்னான். ஆயா பாய்லருக்கு நான் வாங்கின காசைவிட அதிகம்.

உங்க வீட்டுப் பரண்ல பழைய பாய்லர் கிடந்தா, எடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை தண்ணி ஊத்திப் பத்த வச்சுப் பாருங்க.