89 பேரில் 54 பேர்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஃபீனிக்ஸ் பேயில் எங்கள் வீட்டுக்குக் கீழ்ப் போர்ஷனில் இருக்கும் ராமநாதபுரத்து அக்கா, கையில் ஒரு ஃபைலோடு மாடியேறி வந்தார். "தம்பி, நீங்க கணக்குப் பாக்குற ஆளு. இதுல என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

அக்காவின் கதை சுருக்கமாக: மூன்று வருடம் முன்பு பித்தப்பையில் கல். மெயின்லேண்டுக்குப் போய் ஓர் ஆஸ்பத்திரியில் லேப்ராஸ்கோப்பி செய்துகொண்டார். பித்தப்பையை எடுக்கும்போது பித்தநாளமும் அடிபட்டுவிட்டது. மஞ்சள் காமாலை, காய்ச்சல், பிறகு வேறோர் ஆஸ்பத்திரியில் பெரிய ஆபரேஷன். குடலை மேலே கொண்டுபோய் நாளத்தோடு சேர்த்துத் தைத்தார்கள். இப்போது ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் சரி. ஆனால் ராத்திரியில் உடம்பு லேசாகச் சுட்டாலே அன்றைக்குத் தூக்கம் போச்சு.

துபாயில் இருக்கும் மகன் இன்டர்நெட்டில் தேடி ஓர் ஆராய்ச்சியை அனுப்பியிருந்தான். "ஆறு ஆராய்ச்சியைச் சேர்த்துப் பாத்திருக்காங்கம்மா. உடம்புல வித்தியாசம் ஒண்ணும் இல்லையாம். கவலையை விடு." ஃபைலில் இருந்தது அதன் பிரிண்ட் அவுட்.

நான் டாக்டர் இல்லை, ஆடிட்டர். ஆனால் கிளைக் கணக்குகளை எல்லாம் கூட்டி ஒரே மொத்தக் கணக்காக்குவது என் பிழைப்பு. ஆராய்ச்சியில் இதற்கு மெட்டா அனாலிசிஸ் என்று பெயர். இந்தப் பெயரை 1976இல் வைத்தவர் ஜீன் கிளாஸ் என்ற அமெரிக்கர். வேலை அதைவிடப் பழசு. அதன் ஆரம்பத்திலேயே இந்தியா இருக்கிறது என்பது தேடிப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

1904. டைஃபாய்டு தடுப்பூசி பலன் தருகிறதா என்று பார்க்க, லண்டனில் இருந்த புள்ளியியலாளர் கார்ல் பியர்சனிடம் கணக்குகள் வந்தன. இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் கணக்குகள். பியர்சன் அவற்றைச் சேர்த்துப் பார்த்தார். பலன் இருப்பதுபோல்தான் தெரிந்தது. ஆனால் ஓர் இடத்துக் கணக்குக்கும் இன்னோர் இடத்துக் கணக்குக்கும் ஒட்டவே இல்லை. இன்னொரு சந்தேகமும் வந்தது: தானாக முன்வந்து ஊசி போட்டுக்கொண்டவன் இயல்பிலேயே ஜாக்கிரதையான ஆளாக இருந்தால்? நோய் வராததற்குக் காரணம் ஊசியா, அவன் குணமா? விருப்பப்பட்டு வருகிறவர்களின் பெயரை எழுதி, ஒருவர் விட்டு ஒருவருக்கு ஊசி போட்டுப் பாருங்கள் என்றார். தடுப்பூசியைக் கொண்டுவந்த ஆல்ம்ரோத் ரைட்டுக்குக் கடும் கோபம். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இருவரும் மோதிக்கொண்டார்கள்.

சேர்த்துக் கூட்டிய எண்ணை நம்பலாமா என்ற சண்டை அன்றைக்கு ஆரம்பித்தது.

இனி பித்தப்பைக்கு வருவோம். வயிற்றைத் திறந்து பித்தப்பையை முதன்முதலில் எடுத்தவர் பெர்லினில் கார்ல் லாங்கன்புக், 1882இல். துளை போட்டு எடுத்தவர் ஜெர்மனியின் எரிக் மூஹே, 1985இல். இந்தியாவுக்கு 1990இல் அதைக் கொண்டுவந்தவர் பம்பாய் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா. சின்னத் தழும்பு, இரண்டே நாளில் வீடு. மளமளவென்று பரவியது. ஆனால் ஆரம்ப வருடங்களில் பித்தநாளம் அடிபடுவதும் கூடியது. பழைய முறையில் ஆயிரத்துக்கு ஒன்று இரண்டு என்றிருந்தது, புது முறையில் நாலைந்து ஆனது. 1995இல் அமெரிக்காவின் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க், எதையும் வெட்டுமுன் என்னென்ன கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று விதி எழுதியது இதனால்தான்.

அடிபட்டவர்கள் பிறகு எப்படி வாழ்கிறார்கள்? இங்கேதான் கிளைக் கணக்குகள் முரண்படுகின்றன. 2001இல் ஆம்ஸ்டர்டாமில் 106 பேரைப் பார்த்தார்கள். சிகிச்சை நன்றாகவே பலித்திருந்தும், ஐந்து வருடம் கழித்து உடம்பும் மனசும் இரண்டுமே பின்தங்கியிருந்தன. 2002இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வேறு மாதிரி சொன்னது: உடம்பு பரவாயில்லை, மனசுதான் அடி வாங்கியிருக்கிறது. 2004இல் மேயோ கிளினிக், மற்றவர்களைப்போல்தான் இருக்கிறார்கள் என்றது. அதே வருடம் நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் குழு, இல்லை, நீண்டகாலப் பாதிப்பு இருக்கிறது என்றது.

அக்கா கையில் இருந்தது 2013இல் அதே வாண்டர்பில்ட் குழு ஆறு ஆய்வுகளைக் கூட்டிப் போட்ட மொத்தக் கணக்கு. மகன் சொன்னது பொய்யில்லை. உடம்பு விஷயத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்றுதான் இருக்கிறது. ஆனால் அவன் விட்டுவிட்ட மறுபாதி: மனநிலையில் பாதிப்பு நீண்டகாலம் தங்குகிறது.

அந்த முதல் பாதியையும் நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு கிளை நஷ்டம், ஒரு கிளை லாபம் என்றால் மொத்தத்தில் சரியாகிவிடும். அதற்காக நஷ்டமான கிளையில் நஷ்டமே இல்லை என்று ஆகிவிடுமா? அளவுகோலும் ஒன்றல்ல, ஊருக்கு ஊர் கேள்வித்தாள் வேறு. (இதில் நமக்கும் பங்குண்டு. 1990களில் உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கேள்வித்தாளை உருவாக்கிய 15 மையங்களில் மெட்ராஸும் ஒன்று. அதன் 26 கேள்விச் சுருக்கத்தில் தூக்கம் திருப்தியா என்றே ஒரு கேள்வி இருக்கிறது.)

எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது ஹாப்கின்ஸ் ஆய்வின் ஓர் எண். 89 பேரில் பதில் அனுப்பியவர்கள் 54 பேர். மிச்சம் 35 பேர்? ஆடிட்டில் பாக்கிக்காரர்களுக்கு, உங்கள் பாக்கி இவ்வளவு, சரிதானா என்று கடிதம் போடுவோம். பதில் வந்ததை டிக் அடித்துவிட்டு, பதில் வராததைத்தான் தோண்டுவோம். பல சமயம் வில்லங்கம் அங்கேதான் இருக்கும். அந்த 35 பேர் சுகமாகி, மறந்துபோய்த் தங்கள் வேலையைப் பார்க்கப் போனவர்களா, எழுதக்கூட முடியாமல் கிடந்தவர்களா? கூட்டல் போடுகிறவருக்கு அது தெரியாது.

இந்தத் தீவில் இருந்து பார்த்தால் அது இன்னும் நன்றாக விளங்கும். போர்ட் பிளேரில் இருந்து (2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியாகிவிட்டது) சென்னைக்குக் கப்பலில் கிட்டத்தட்ட மூன்று நாள். ஆபரேஷன் ஆகித் தீவுக்குத் திரும்பியவர், ஆறு மாசம் கழித்துச் செக்கப்புக்கு வராவிட்டால் ஆஸ்பத்திரி ஏட்டில் என்ன இருக்கும்? வெறும் காலி இடம்.

இதையெல்லாம் முடிந்தவரை அக்காவிடம் சொன்னேன். உங்களுக்குத் தூக்கம் வராதது உங்கள் பலவீனம் இல்லை, கணக்கிலேயே இருக்கிறது, அடுத்த தடவை டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வருஷத்துல அந்த ரெண்டாவது ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணி வரிசையா கேள்வி கேட்டாங்க தம்பி. எல்லாத்துக்கும் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொல்லி வச்சுட்டேன்."

ஏன்க்கா?

"புள்ளைகிட்டயே அப்படித்தான் சொல்றேன். அவங்ககிட்ட மட்டும் வேற மாதிரியா சொல்லுவேன்?"

அன்று ராத்திரி ஊருக்குப் போன் போட்டேன். அம்மா எடுத்ததும் "நல்லா இருக்கேன்" என்றார். வழக்கம்போல் வைத்துவிடாமல், "ராத்திரி எத்தனை மணிக்கும்மா தூங்குறே?" என்று கேட்டேன். அன்றைக்கு நாங்கள் அரைமணி நேரம் பேசினோம்.