முன்சில்லை நிறுத்தும் சிலிண்டர்

ஓடும் வண்டியை மேலும் விரைவாக ஓடச் செய்வதற்கு மனிதன் செலவிட்ட அறிவைப் பற்றிப் பலரும் பேசுவர். அதே வண்டியை வேண்டிய இடத்தில் நிறுத்துவதற்கு அவன் செலவிட்ட அறிவு அத்துணை பேசப்படுவதில்லை. மோட்டார் சைக்கிளின் ஹாண்டிலில், வலக்கைப் பக்கத்தில், உள்ளங்கையில் அடங்கத்தக்க உலோக உறுப்பொன்று பொருத்தப்பட்டிருப்பதை நேயர்கள் கண்டிருப்பர். அதன் மேலே சிறியதோர் எண்ணெய்க் கலம் இருக்கும். முன்னே விரல்களால் இழுக்கும் நெம்பு இருக்கும். அதிலிருந்து குழாய் ஒன்று முன்சில்லை நோக்கி இறங்கிச் செல்லும். இதுவே முன்பிறேக்கின் மாஸ்ரர் சிலிண்டர் எனப்படுவது. வண்டியை நிறுத்தும்போது அதன் பாரம் முன்னோக்கிச் சாய்வதால், நிறுத்தும் வேலையின் பெரும்பகுதியை முன்சில்லே செய்கின்றது. ஆகவே ஓட்டுபவரின் உயிர் இந்தச் சிறு உறுப்பை நம்பியிருக்கின்றது என்று சொல்வது மிகையாகாது.

நாற்பது, ஐம்பது ஆண்டுகள் பழமையான மோட்டார் சைக்கிள்களை இன்றும் பேணி ஓட்டுவோர் பல நாடுகளிலும் உளர். அவர்கள் அனைவரும் ஒருநாள் எதிர்கொள்ளும் வினா ஒன்று உண்டு. பழைய சிலிண்டர் அரித்துப் போய்விட்டது. அதே சிலிண்டர் கிடைக்கவில்லை. அதன் இடத்தில் எதனைப் பொருத்துவது? கடையில் ஒன்றுபோலவே தோன்றும் பல சிலிண்டர்கள் இருக்கும். பெரியது வலியது என்று எண்ணிப் பெரியதைத் தெரிந்தெடுப்பது இயல்பு. அந்த எண்ணம் ஏன் தவறானது என்பதை அறிய வேண்டுமாயின், பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சு தேசத்திற்குச் செல்லுதல் வேண்டும்.

பிளேய்ஸ் பஸ்கால் என்ற அறிஞர் 1623 முதல் 1662 வரை வாழ்ந்தவர். திரவங்களின் சமநிலை பற்றி அவர் எழுதிய நூல், அவர் மறைந்ததற்கு அடுத்த ஆண்டாகிய 1663 இல் வெளிவந்தது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கப்படும் அமுக்கம் குறைவின்றி எல்லாப் பக்கங்களுக்கும் செல்லும் என்பது அவர் நிலைநாட்டிய விதி. நீர் நிறைந்த கலமொன்றுக்கு இரண்டு வாய்கள் இருக்கின்றன என்று கொள்வோம். ஒன்று மற்றதைவிட நூறு மடங்கு பரப்புடையது. இரண்டிலும் பிஸ்ரன் எனப்படும் முசலங்கள் இறுக்கமாகப் பொருந்தியிருக்கின்றன. சிறிய முசலத்தை ஒருவர் தள்ளினால், பெரிய முசலத்தைத் தள்ளும் நூறு பேருக்கு அவர் ஈடு கொடுப்பார். ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. சிறிய முசலம் நூறு அங்குலம் நகர்ந்தால், பெரிய முசலம் ஓர் அங்குலம் மட்டுமே நகரும். வலிமையில் பெற்றதைத் தூரத்தில் கொடுத்துவிட வேண்டும். எந்தச் சிலிண்டரைத் தெரிந்தெடுப்பது என்ற வினாவுக்கு விடை இந்த ஒரு பேரத்திலேயே அடங்கியுள்ளது.

பஸ்காலின் விதியைத் தொழிலுக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் பிராமா. அவர் 1795 இல் நீரமுக்கப் பொறிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அமுக்கம் ஏற ஏற முசலத்தின் ஓரத்தால் நீர் கசிவதே அவருக்கு நேர்ந்த பெருந்தொல்லை. அவருடைய பட்டறையில் பணியாற்றிய ஹென்றி மோட்ஸ்லி, கிண்ணம் போல் வளைந்த தோல் வளையத்தால் அத்தொல்லையைத் தீர்த்தார் என்பர். நீரின் அமுக்கமே கிண்ணத்தின் விளிம்பை விரித்துச் சுவரோடு சேர்த்து அழுத்தும். அமுக்கம் மிகுந்தால் அடைப்பும் மிகும். இன்று மோட்டார் சைக்கிளின் மாஸ்ரர் சிலிண்டரினுள் இருக்கும் இறப்பர்க் கிண்ணமும் அதே முறையிலேயே வேலை செய்கின்றது.

வண்டியின் பிறேக்குக்கு இம்முறையைப் பயன்படுத்தியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான மல்கம் லொக்கீட். விமானத் தொழிலிலும் பெயர் பெற்ற குடும்பத்தைச் சேர்ந்த இவர், 1917 இல் தமது பிறேக் முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1921 இல் டியூசன்பேர்க் மோட்டார் வண்டி நான்கு சில்லுகளுக்கும் திரவ பிறேக்குடன் வெளிவந்தது. ஆயினும் தொடக்கத்தில் பயன்பட்ட தோற் கிண்ணங்கள் கசிந்தன. கிறைஸ்லர் நிறுவனத்தின் பொறியியலாளர் தோலை நீக்கி இறப்பரைப் புகுத்தினர். 1924 இல் வெளிவந்த அவர்களுடைய மோட்டார் வண்டி அம்முறையைப் பரவச் செய்தது.

மோட்டார் சைக்கிள் உலகமோ நெடுங்காலம் இதனை ஏற்கவில்லை. கம்பியால் இழுக்கப்படும் டிரம் பிறேக்கே அங்கு ஆட்சி செய்தது. வேகம் குறைவாக இருந்தவரை அது போதுமானதாக இருந்தது. எஞ்சின்களின் வலிமை ஏறியபோது, மூடிய டிரம்மினுள் வெப்பம் தேங்கி, நீண்ட இறக்கங்களில் பிறேக் சோர்ந்துபோவது பெருங்குறையாயிற்று. காற்றோட்டத்தில் சுழலும் உலோகத் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிப்பது இதற்கு மாற்று. இக்கருத்துக்கு இங்கிலாந்தின் பிரெடறிக் லாஞ்செஸ்ரர் 1902 இலேயே உரிமைப் பத்திரம் பெற்றிருந்தார். 1953 இல் பிரான்சின் லெ மான் ஓட்டப்போட்டியில் தட்டுப் பிறேக் பூண்ட ஜகுவார் வண்டி வென்றபோது உலகம் அதன் பயனை உணர்ந்தது. இத்தாலியின் லம்பிரெட்டா ஸ்கூட்டர் 1962 இல் முன்சில்லில் தட்டுப் பிறேக்கைக் கொண்டிருந்தது. ஆனால் அதனை இயக்கியது திரவமன்று, கம்பியே.

தட்டும் திரவமும் ஒருங்கே சேர்ந்து பெருந்தொகையான மக்களின் கைக்கு எட்டியது 1969 இல். யப்பானின் ஹொண்டா நிறுவனம் 1968 ஒக்ரோபரில் தோக்கியோவில் காட்சிக்கு வைத்து, அடுத்த ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த சீபி 750 என்ற நான்கு சிலிண்டர் மோட்டார் சைக்கிள் அது. அதன் ஹாண்டிலில் இருந்த அமைப்பே பின்னர் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களின் வழக்கமாயிற்று.

அந்த அமைப்பு வேலை செய்யும் முறை எளியது. எண்ணெய்க் கலத்திற்கும் சிலிண்டருக்கும் இடையே இரண்டு துளைகள் உண்டு. ஒன்று சற்றுப் பெரியது. மற்றது ஊசிமுனையளவே ஆனது. நெம்பை இழுத்தவுடன் இறப்பர்க் கிண்ணம் சிறு துளையைக் கடந்து செல்லும். அக்கணமே எண்ணெய் அடைபட்டு அமுக்கம் பெறும். அந்த அமுக்கம் குழாய்வழியே சென்று, கலிப்பர் என்னும் கவ்வியின் முசலத்தைத் தள்ளித் தட்டைப் பிடிக்கச் செய்யும். நெம்பை விட்டதும் சிறு துளை மீண்டும் திறக்கும். வெப்பத்தால் விரிந்த எண்ணெய் அதன்வழியே கலத்திற்குத் திரும்பும். பழைய வண்டிகளில் இந்தத் துளை அழுக்கினால் அடைபடுவதுண்டு. அப்போது விரிந்த எண்ணெய்க்குத் திரும்பும் வழியில்லை. பிறேக் தானாகவே பிடிக்கும். பிடிக்கப் பிடிக்கச் சூடேறும். சூடேற மேலும் இறுகும். முடிவில் ஓடும் வண்டியின் முன்சில்லே நின்றுவிடலாம்.

இனி, பேரத்திற்கு வருவோம். இங்கிலாந்தின் நோர்ட்டன் கொமாண்டோ 1967 இல் அறிமுகமாகி, 1972 இல் முன்சில்லுக்குத் தட்டுப் பிறேக்கைப் பெற்றது. அதன் மாஸ்ரர் சிலிண்டரின் உள்விட்டம் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு, ஏறத்தாழ 15.9 மில்லிமீற்றர். நெம்பு மரக்கட்டையை இழுப்பதுபோல் இருக்கின்றது, வலிந்து இழுத்தாலும் வண்டி விரைவில் நிற்பதில்லை என்று ஓட்டியவர்கள் குறை கூறினர். பலர் இதற்குக் கண்ட தீர்வு பெரிய சிலிண்டரன்று, சிறிய சிலிண்டர். பழைய உருளையினுள் உலோகக் குழலொன்றைச் செருகி, உள்விட்டத்தை 13 மில்லிமீற்றராகக் குறைத்தனர். பரப்பு ஏறத்தாழ 198 சதுர மில்லிமீற்றரிலிருந்து 133 ஆகக் குறைந்தது. அதே விரல்வலிமைக்கு அமுக்கம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காயிற்று. நெம்பு நகர வேண்டிய தூரமும் அதே ஒன்றரை மடங்காயிற்று என்பதை மறத்தலாகாது. முன்பு நெம்பு மிகக் குறைவாகவே நகர்ந்ததால் அந்த விலையைக் கொடுக்க அவர்களால் இயன்றது.

எனின், சிறியது எப்போதும் நன்றா? அதுவும் இல்லை. 1975 இல் வெளிவந்த ஹொண்டா கோல்ட் விங் முன்சில்லில் இரண்டு தட்டுகளைக் கொண்டிருந்தது. தட்டு இரண்டானால் கலிப்பரும் இரண்டாகும். தள்ளவேண்டிய முசலங்களின் பரப்பும் இரு மடங்காகும். அவற்றை நிரப்பவேண்டிய எண்ணெயும் இரு மடங்காகும். ஒற்றைத் தட்டுக்குரிய சிறு சிலிண்டரை இரட்டைத் தட்டுக்குப் பொருத்தினால், நெம்பு ஹாண்டிலைத் தொட்ட பின்னும் பிறேக் முழுமையாகப் பிடிக்காமற் போகலாம். இதற்கு மாறாக, 14 மில்லிமீற்றர் சிலிண்டர் இருந்த ஒற்றைத் தட்டு வண்டிக்கு எட்டில் ஐந்து அங்குலச் சிலிண்டரைப் பொருத்தினால், அமுக்கம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். நெம்பு கைக்கு உறுதியாகத் தோன்றும். வண்டியோ பிந்தி நிற்கும். இந்தப் பொய்யுறுதியே மிகவும் ஏமாற்றுவது.

ஜேர்மனியின் பீஎம்டபிள்யூ நிறுவனம் 1973 இல் வெளியிட்ட மோட்டார் சைக்கிள்களில் வேறொரு வழியைக் கையாண்டது. மாஸ்ரர் சிலிண்டர் ஹாண்டிலில் இல்லை. பெற்றோல் தாங்கிக்கு அடியில் இருந்தது. நெம்பு ஒரு கம்பியை இழுக்க, கம்பி சிலிண்டரை இயக்கியது. கம்பி நீள்வதால் நெம்பின் உறுதி குறையும். தாங்கிக்கு அடியில் எண்ணெய் கசிந்தால் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. பிற்காலத்தில் அந்நிறுவனமும் சிலிண்டரை ஹாண்டிலுக்கே கொண்டுவந்தது. பழைய வண்டிகளை வைத்திருப்போர் பலர் அவ்வாறே மாற்றிக்கொள்கின்றனர். அவர்களும் முதலில் கேட்கவேண்டியது, கலிப்பர் முசலத்தின் பரப்பு என்ன என்ற கேள்வியையே.

ஆகவே, மாற்றுச் சிலிண்டர் தேடுபவர் செய்யவேண்டியது வரிசையாக அமைகின்றது. பழையதன் உள்விட்டத்தை அளத்தல் வேண்டும். பல சிலிண்டர்களில் அவ்வளவு உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கலிப்பர்களின் எண்ணிக்கையையும் முசலங்களின் விட்டத்தையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். பழைய அமைப்பு மனநிறைவு தந்திருப்பின் அதே உள்விட்டத்தைத் தெரிவதே நன்று. நெம்பின் சுழலும் முனைக்கும் அது முசலத்தைத் தள்ளும் இடத்திற்கும் உள்ள தூரமும் கணக்கில் வரும். அத்தூரம் மிகுந்தால் வலிமை குறையும். குழாய் பூட்டும் திருகின் புரி நாட்டுக்கு நாடு வேறுபடுவது. பொருந்தாத புரியை வலிந்து திருகினால் அமுக்கம் ஏறும் வேளையில் கசியும். பிறேக் விளக்கின் ஆளி எங்கே அமைந்துள்ளது என்பதையும் பார்த்தல் வேண்டும். பொருத்தியபின் நெம்புக்குச் சிறிதளவு தளர்வு இருத்தல் வேண்டும். இல்லையேல் முசலம் முழுதும் பின்வாங்காமல், அந்த ஊசிமுனைத் துளை மூடியே கிடக்கும்.

எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். வழக்கமான பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது. டொட் 4 எனப்படும் வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியசில் கொதிக்கும். ஈரம் சேர்ந்த நிலையில் அந்த எல்லை 155 பாகையாக இறங்கிவிடும். கொதித்தால் ஆவி தோன்றும், ஆவி அமுங்கும், அமுங்குவது அமுக்கத்தைச் செலுத்தாது. சிலிண்டரை அரிப்பதும் அதே ஈரந்தான். டொட் 5 என்னும் சிலிக்கன் எண்ணெயை இதனோடு கலத்தலாகாது. பெற்றோலாலோ எஞ்சின் எண்ணெயாலோ உள்ளுறுப்புகளைக் கழுவுதல் பெருந்தீங்கு. இறப்பர்க் கிண்ணம் ஊதிப் பயனற்றுப்போகும்.

உருளையின் உட்சுவர் பழுதின்றி வழவழப்பாக இருப்பின், இறப்பர் உறுப்புகளை மட்டும் மாற்றிப் பழைய சிலிண்டரையே காப்பாற்றலாம். சுவரில் குழிகள் விழுந்திருப்பின் குழல் செருகுதல் அல்லது புதியதை வாங்குதல் தவிர வேறு வழியில்லை. எதனைச் செய்தாலும், முதல் ஓட்டத்தைச் சனநெருக்கமற்ற தெருவில் மெதுவாகச் செய்து, நெம்பு எவ்வளவு நகர்கின்றது, வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கின்றது, கையை எடுத்ததும் முன்சில்லு தடையின்றிச் சுழல்கின்றதா என்ற மூன்றையும் பார்த்த பின்னரே நெடுஞ்சாலைக்குச் செல்லுதல் வேண்டும்.