கேக் கடைக்காரங்க கட்டின கம்ப்யூட்டர்

டீமுக்குப் புதுசா ஒரு சாஃப்ட்வேர் வாங்கணும்னா, நம்ம ஆபீஸ்கள்ல பேச்சு பெரும்பாலும் டெமோவில்தான் ஆரம்பிக்கும். ஏஐ இருக்கா, டாஷ்போர்டு இருக்கான்னு கேட்போம். நம்ம வேலை எங்க சிக்கி நிக்குதுங்கிற கேள்வி கடைசியிலதான் வரும். சில சமயம் வராமலே போயிடும். அந்தக் கேள்வியை முதல்ல கேட்ட ஒரு கம்பெனியோட கதையைத்தான் இந்த எபிசோடில் சொல்லப்போறேன். அது டீயும் கேக்கும் வித்த கம்பெனி.

பெயர் ஜே. லயன்ஸ் அண்ட் கோ. இங்கிலாந்து முழுக்க டீக்கடைகள் நடத்தினாங்க. லண்டனில் ஹேமர்ஸ்மித் பகதியில் இருந்த கேட்பி ஹால்தான் தலைமையகம், பேக்கரிகளும் அங்கேயே. ஒரு கப் டீயிலும் ஒரு பன்னிலும் கிடைக்கிற லாபம் ரொம்பக் கம்மி. ஆனா ஒவ்வொரு சின்ன விற்பனையையும் எழுத, கூட்ட, சரிபார்க்க ஒரு குமாஸ்தா வேணும். கணக்கு எழுதுற செலவே லாபத்தைச் சாப்பிட்டுடும். இதுதான் அவங்க பிரச்சினை.

1923இல் ஜான் சிம்மன்ஸ் என்கிற கேம்பிரிட்ஜ் கணிதப் பட்டதாரி வேலைக்குச் சேர்ந்தார். 1930களின் தொடக்கத்தில் அங்கே 'சிஸ்டம்ஸ் ரிசர்ச்' என்று ஒரு பிரிவு உருவானது. ஒவ்வொரு மேஜையிலும் என்ன வேலை நடக்குது, அந்த ஃபாரம் யாருக்குப் போகுது, அதை வெச்சு அவர் என்ன முடிவெடுக்கிறார்னு கேட்டுக்கிட்டே போறதுதான் அந்தப் பிரிவோட வேலை. பதில் இல்லாத ஃபாரத்தை நிறுத்திடலாம். கவனிங்க, அப்போ விற்பனைக்கு ஒரு கம்ப்யூட்டர்கூடக் கிடையாது.

1947இல் ஆலிவர் ஸ்டாண்டிங்ஃபோர்ட், ரேமண்ட் தாம்சன் என்கிற இரண்டு மேலாளர்களை லயன்ஸ் அமெரிக்காவுக்கு அனுப்பியது. அங்குள்ள அலுவலக முறைகளைப் பார்த்துட்டு வரத்தான் பயணம். அதில் தங்களுக்குப் புதுசா பெரிய விஷயம் ஒண்ணும் இல்லைன்னு அவங்களுக்குத் தோணுச்சு. ஆனா எனியாக் கணினியில் வேலை செய்திருந்த ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் அவங்ககிட்ட ஒரு தகவல் சொன்னார்: உங்க ஊர் கேம்பிரிட்ஜிலேயே ஒரு கம்ப்யூட்டர் உருவாகிட்டு இருக்கு. அட்லாண்டிக் தாண்டிப் போய், பக்கத்து ஊர் விஷயத்தைத் தெரிஞ்சுக்கிட்டாங்க!

லயன்ஸ் அந்தப் பல்கலைக்கழகத் திட்டத்துக்கு 3,000 பவுண்ட் கொடுத்தது, உதவிக்கு ஒரு ஆளையும் அனுப்பியது. 1949 மே மாதம் எட்சாக் என்கிற அந்த இயந்திரம் ஓடியது. அது உண்மையிலேயே வேலை செய்யுதுன்னு பார்த்த பிறகுதான் லயன்ஸ் தனக்கு ஒண்ணு கட்ட முடிவெடுத்தது. அதுதான் லியோ. 'லயன்ஸ் எலெக்ட்ரானிக் ஆபீஸ்' என்பதன் சுருக்கம். சுமார் 6,000 வால்வுகள் கொண்ட ராட்சச மெஷின்.

1951 நவம்பரில் லியோ வாராவாரம் பேக்கரி உற்பத்தியின் மதிப்பைக் கணக்கிட ஆரம்பித்தது. ஒரு கம்ப்யூட்டர் வழக்கமான அலுவலக வேலையைத் தொடர்ந்து செய்தது உலகத்திலேயே இதுதான் முதல்முறைன்னு பொதுவா சொல்றாங்க.

அடுத்து சம்பளக் கணக்கு. இங்கதான் தடுமாற்றம். தகவலை வேகமா உள்ளே கொடுக்க, வெளி நிறுவனம் ஒண்ணு அதிநவீன காந்த நாடாக் கருவிகள் செய்து கொடுத்தது. அவை நம்பி ஓட்டுற நிலைக்கு வரவே இல்லை. கடைசியில் லயன்ஸ் அதைக் கைவிட்டு, பழகிய துளை அட்டைக்கும் காகித நாடாவுக்கும் வந்தது. மத்தவங்க பழசுன்னு சொல்வாங்களேன்னு கவலைப்படலை. வெள்ளிக்கிழமை சம்பளம் தப்பாப் போகக்கூடாது, அவ்வளவுதான். அனுபவமுள்ள குமாஸ்தாவுக்கு ஒரு ஊழியரின் சம்பளக் கணக்குப் போட 8 நிமிடம் ஆன இடத்தில், லியோவுக்கு ஒன்றரை விநாடி போதும். அப்படியிருந்தும், உடனே முழுசா மெஷினை நம்பிடலை. 1954இல் ஒப்படைக்கிற வரைக்கும் கையால் போடுற கணக்கும் கூடவே ஓடியது.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்சது, அதே ஆண்டு ஆரம்பித்த டீக்கடை ஆர்டர் வேலை. அதுக்கு முன்னாடி கடையை நடத்துற பெண் மேலாளர் நாளைக்கு என்ன வேணும்னு தினமும் எழுதி அனுப்பணும். டேவிட் கேமினர் தலைமையிலான குழு அந்த வேலையையே மாத்தி யோசிச்சது. ஒவ்வொரு கடைக்கும் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிலையான ஆர்டர். நாளைக்கு அதில் ஏதாவது மாற்றம் இருந்தால் மட்டும் தொலைபேசியில் சொன்னால் போதும். மறுமுனையில் ஹெட்செட் மாட்டிய ஊழியர் கேட்கக் கேட்க அட்டையில் துளையிடுவார். பேக்கரி எவ்வளவு சுடணும், எந்தக் கடைக்கு என்ன போகணும்னு லியோ கணக்கிட்டுக் கொடுக்கும்.

அந்தக் கடை மேலாளர் கம்ப்யூட்டரைப் பார்த்திருக்கவே வேண்டாம். ஆனா அவருடைய எழுத்து வேலை குறைஞ்சது. "நாளைக்கு மழை, ஐஸ்கிரீமைக் குறைச்சுக்கலாம்" மாதிரியான முடிவு அவர்கிட்டயே இருந்தது. அது வாடிக்கையாளரைப் பார்க்கிற ஆளுக்குத்தான் தெரியும்.

இந்தக் குழுவில் இருந்தவங்க யார்? பலர் கம்பெனிக்குள்ளேயே இருந்து வந்தவங்க. கேமினரே முன்னாடி அந்த சிஸ்டம்ஸ் பிரிவில் இருந்தவர்தான். ஊழியர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வெச்சு ஆள் எடுத்தாங்க. 1952இல் அப்படித் தேர்வான மேரி கூம்ப்ஸ், வணிகக் கணினியில் புரோகிராம் எழுதிய முதல் பெண்களில் ஒருவர்.

கதை முழுக்க வெற்றி இல்லை. ஃபோர்டின் பிரிட்டிஷ் கிளைக்கே லியோ சம்பளக் கணக்குப் போட்டுக் கொடுத்தது, 1954இலேயே தனி நிறுவனமும் ஆனது. ஆனா கம்ப்யூட்டர் தயாரிப்புக்கு ஒரு உணவு நிறுவனத்தால் தொடர்ந்து கொட்ட முடியாத அளவுக்குப் பணம் தேவைப்பட்டது. 1963இல் அது இங்கிலீஷ் எலெக்ட்ரிக்கோட கம்ப்யூட்டர் பிரிவோடு இணைந்தது. 1978இல் லயன்ஸே இன்னொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. நல்ல கருவி ஒரு கம்பெனியோட எல்லாத் தலைவலியையும் தீர்க்காது.

ஆனா ஒரு மேலாளரா இதிலிருந்து நாம எடுத்துக்க ஒரு பழக்கம் இருக்கு. அடுத்த டெமோவுக்குப் போறதுக்கு முன்னாடி, அந்த வேலையைத் தினமும் செய்யுறவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்க. எதை நிறுத்தலாம், எதில் மாற்றத்தை மட்டும் சொன்னால் போதும், எந்த முடிவு அவர்கிட்டயே இருக்கணும்னு அவரையே கேளுங்க. அந்தப் பதில்களை எழுதி வெச்சுக்கிட்டு விற்பனையாளர்கிட்டப் பேசுங்க. பாதிப் பட்டியல் அங்கேயே கழிஞ்சுடும். சில சமயம், வாங்கவே வேண்டாம்னுகூடத் தெரியவரும்.