தலைச்சொல் காணும் யந்திரம்: ஒரு சரித்திர ஆராய்ச்சி

நூலில் விகாரமுற்று வழங்கும் பதங்களை அவற்றின் அகராதித் தலைச்சொற்களின்கீழ் அடுக்கும் பணிக்கு யந்திரத்தின் துணையை நாடியவர்களுள் முன்னிற்பவர், இத்தாலி தேசத்து ஏசு சபைப் பாதிரியார் ரொபெர்த்தோ பூசா ஆவார். புனித தாமஸ் அக்வினாஸின் நூல்களில் இடப்பொருள் தரும் சிறிய இலத்தீன் இடைச்சொல் ஒன்றின் பிரயோகத்தை ஆராயப்புகுந்து, சுமார் 10,000 சீட்டுகளைக் கைப்பட எழுதிய அவர், 1949-இல் நியூயார்க் சென்று, ஐ.பி.எம். தலைவர் தாமஸ் வாட்சனைக் கண்டு, துளையட்டை யந்திரங்களின் உதவியைப் பெற்றார். இவ்வாறு அக்வினாஸின் நூல்களுக்கு அவர் அமைத்த, ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் சொற்களுக்கான சொல்லடைவு 1974 முதல் 1980 வரை 56 தொகுதிகளாக அச்சேறியது. கல்லராத்தே நகரில் அட்டை துளைக்கப் பயிற்றப்பெற்ற இளம்பெண்களின் உழைப்பே அதற்கு அஸ்திவாரம். அவர்கள் பெயர்களைச் சரித்திரம் நெடுங்காலம் மறந்திருந்தது வருந்தத்தக்கது. யந்திரம் ஒத்த எழுத்துவடிவங்களைத் திரட்டியதேயன்றி, ‘சுமந்தான்’ எனப் பொருள்படும் ‘துலித்’ என்பது ‘ஃபெரோ’ என்னும் வினையைச் சார்ந்தது என்று தானாக உணரவில்லை. அதனை உணர்த்தியவர் இலத்தீன் வல்ல புலவர்களே.

தகவல் தேடுவோரின் நோக்கம் வேறாயிருந்தது: தலைச்சொல் காண்பதன்று, ஒரு சொல்லின் பல வடிவங்களைத் தேடலுக்காக ஒன்றுசேர்ப்பதே அவர்க்கு வேண்டியிருந்தது. 1968-இல் ஜூலி பெத் லவின்ஸ் 294 ஈறுகளைத் தொகுத்துக் களையும் முறையை வெளியிட்டார். 1980-இல் மார்ட்டின் போர்ட்டர் ஐந்து படிகளில் அதனைச் சுருங்கச் செய்தார். இவற்றால் பிரபஞ்சத்தைச் சுட்டும் ஆங்கிலச் சொல்லும் சர்வகலாசாலையைச் சுட்டும் சொல்லும் ஒரே துண்டமாகக் குறுகின. நூல்தேடலுக்கு அது பொறுக்கத்தக்கதே. ஆயினும், ஈறு களைதலும் தலைச்சொல் காண்டலும் ஒன்றே என்னும் மயக்கம் இதனால் வேரூன்றியதென்பது என் துணிபு.

ஃபின்னிஷ் பாஷையின்முன் அம்மயக்கம் நிலைக்கவில்லை. பெயர்க்கு 15 வேற்றுமைகளும், அவற்றின்மேல் உடைமை விகுதிகளும் அடுக்கிவர, பகுதியும் உள்ளே திரிபடையும் அப்பாஷைக்கென 1983-இல் ஹெல்சிங்கியில் கிம்மோ கோஸ்கென்னியெமி வகுத்த இருநிலை உருபனியல், அகராதி நிலையையும் வழக்கு நிலையையும் எதிரெதிர் நிறுத்தி, எவ்வெழுத்து எவ்விடத்தில் எதுவாகத் திரியும் என்பதை ஒருங்கே இயங்கும் விதிகளாக அமைத்தது. மூலத்தினின்று ரூபத்தை ஆக்கவும், ரூபத்தினின்று மூலத்தை மீட்கவும் அவ்விதிகளே போதியனவாயின.

நன்னூல் பயின்றோர்க்கு இது முற்றும் புதிதன்று. பதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறாகப் பகுத்த பவணந்தியார், விகாரத்தையும் ஓர் உறுப்பாகவே எண்ணினார். ‘கண்டான்’ என்பதில் ஈற்றை மட்டும் அறுத்தால் கையில் எஞ்சுவது விழியைக் குறிக்கும் ‘கண்’. முதல் குறுகிய விகாரத்தை அறிந்தாலன்றி ‘காண்’ என்னும் பகுதி புலப்படாது. இதையொத்த நெறியே வரம்புள்ள எண்ணிக்கையிலான நிலைகளுடைய யந்திரங்களின் வாயிலாகத் ‘தமிழிமார்ஃப்’ போன்ற அண்மைக்கால உருபன் பகுப்பிகளில் உருப்பெற்றுள்ளது. சென்னைச் சர்வகலாசாலைப் பேரகராதி வினைகளைத் ‘தல்’ ஈற்றொடு தலைச்சொல்லாக்கியிருக்க, இப்பகுப்பிகள் வெறும் பகுதியையே தருகின்றன. எதனைத் தலைச்சொல்லெனக் கொள்வது என்பதும் மரபு பற்றியதே.

எனினும், ‘படி’ என்பது வினையோ, ஏணியின் அங்கமோ, முகத்தலளவையோ என்பதை விதிகள் மட்டும் தீர்மானியா. அதற்கு வாக்கியச் சூழல் வேண்டும். அச்சூழலைக் கணிப்பொறி கற்பதற்கு, ஒவ்வொரு சொல்லுக்கும் மனிதர் தலைச்சொல்லைக் குறித்துவைத்த வாக்கியங்கள் தேவை. பிராக் நகர ஆய்வாளர் தொகுத்த தமிழ் மரவங்கியில் (இலக்கணக் குறிப்புகள் இடப்பெற்ற வாக்கியத் தொகுப்பில்) அத்தகையவை 600 மட்டுமே உள்ளன.