நின்ற இடத்தில் நூறு கிலோமீட்டர்

2020 மார்ச் 24 அன்று குத்தாலத்துக்கு மூன்று செய்திகள் வந்தன. பகலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, நாகப்பட்டினம் மாவட்டத்தைப் பிரித்து மயிலாடுதுறையைத் தலைநகராகக் கொண்ட 38ஆவது மாவட்டம் அமையும் என்று அறிவித்தார். மாலை ஆறு மணிக்கு மாநிலமெங்கும் 144 தடை அமலுக்கு வந்தது. இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சியில் தோன்றிய பிரதமர், நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு என்றார். பல ஆண்டுகள் போராடிப் பெற்ற மாவட்டத்துக்கு ஒரு சரவெடி கொளுத்தக்கூட ஆள் தெருவுக்கு வர முடியாத இரவு அது.

அருவி கொட்டும் குற்றாலத்தோடு இந்தக் குத்தாலத்தைக் குழப்பிக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. இது காவிரித் தென்கரைப் பேரூர். தேவாரம் பாடிய திருத்துருத்தி. கிழக்கே பத்து கிலோமீட்டர் போனால் மயிலாடுதுறை, மேற்கே இருபத்தைந்து கிலோமீட்டர் அளவில் கும்பகோணம். தெற்கே கம்பர் பிறந்த தேரழுந்தூர், ஆற்றைத் தாண்டினால் திருமணஞ்சேரி. எல்லாமே சைக்கிள் தூரம், எல்லாமே சமதரை. மலை ஏற வேண்டியவன் படும் பாட்டை இங்கே காற்று கொடுக்கும். ஆடி மாதத்து மேலைக்காற்றில் மயிலாடுதுறைக்கு மிதிக்காமலே போய்விடலாம். திரும்பி வரும்போதுதான் போனது எத்தனை கிலோமீட்டர் என்று தெரியும்.

இப்படிப்பட்ட தரையில் சைக்கிள் கிளப் என்ற சொல்தான் புதிது. ஹெல்மெட், கியர் சைக்கிள், ஒரே நிறச் சட்டை, விடியுமுன் கிளம்பி வழியில் ஒரு டீக்கடையில் கூடிப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் எல்லாம் பெருநகரங்களிலிருந்து வந்தவை. சென்னையில் டபிள்யூ.சி.சி.ஜி., தமிழ்நாடு சைக்கிளிங் கிளப், பழைய கட்டடங்களையும் கோயில்களையும் தேடிப் போகும் சைக்கிளிங் யோகீஸ் போன்ற குழுக்கள் இந்த வழக்கத்தைப் பரப்பின. நெடுந்தூரக்காரர்களுக்கு ஆடாக்ஸ் என்ற பிரெஞ்சு மரபு கிடைத்தது. அதில் முந்தி வந்தவருக்குப் பரிசு கிடையாது. நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 600 என்றால் 40 மணி நேரம். வழியிலுள்ள சாவடிகளில் அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டே போக வேண்டும்.

ஊரடங்கு வந்ததும் இந்தக் கிளப்புகளிடமிருந்து பறிபோனது சைக்கிள் அல்ல, கூட்டம். சைக்கிள் வீட்டு வாசலிலேயே நின்றது. ஐந்து பேர் சேர்ந்து மிதிப்பதும், டீக்கடை வாசலும், முத்திரைச் சாவடியும் மட்டும் இல்லாமல் போயின. உலகம் முழுக்க இதே கதைதான். பிரான்சில் உடற்பயிற்சிக்கென்று வெளியே வருபவருக்கு வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர், ஒரு மணி நேரம் என்று கணக்கு வைத்தார்கள். சைக்கிள் ஒரு வாகனம், அதில் போவது குற்றமில்லை என்று அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றமே 2020 ஏப்ரல் 30 அன்று அரசுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. ஸ்பெயினில் பெரியவர்கள் உடற்பயிற்சிக்காகத் தெருவுக்கு வர மே 2 வரை காத்திருந்தார்கள்.

கிளப்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பின்சக்கரத்தை ஒரு தாங்கியில் பூட்டி, வீட்டுக் கூடத்திலேயே மிதிக்கத் தொடங்கினார்கள். எதிரே திரையில் மலையும் சாலையும் ஓடும். மிதிக்கிற வேகத்துக்குத் திரையிலுள்ள பொம்மை ஓடும். ஜூலை 4 முதல் 19 வரை டூர் டி பிரான்ஸ் பந்தயமே இப்படி வீட்டுக்குள் ஒரு பதிப்பு கண்டது. நிஜப் பந்தயம் ஆகஸ்ட் 29 அன்றுதான் நீஸ் நகரில் தொடங்கியது. இன்னும் சிலர் ஒரே மேட்டில் ஏறி இறங்கி, எவரெஸ்டின் உயரமான 8,848 மீட்டரைக் கூட்டிச் சேர்த்தார்கள். காவிரிக் கரையில் இந்தப் பைத்தியம் பலிக்காது. இங்கே ஏற்றம் என்றால் பாலத்தின் ஏற்றம்தான். ஐந்து மீட்டர் ஏறும் பாலமாக இருந்தால் 1,770 முறை ஏறி இறங்க வேண்டும். அதற்குள் பாலத்தடியில் தூண்டில் போடுகிறவர் ஊருக்கே சொல்லிவிடுவார்.

நின்ற இடத்தில் சைக்கிள் ஓட்டுவது புதுமை என்று நினைத்தவர்கள், 1970களிலும் 80களிலும் கிராமத்துத் திடல்களைப் பார்க்காதவர்கள். அப்போது 'நான்ஸ்டாப் சைக்கிள்' வரும். கோயில் திடலிலோ பள்ளி மைதானத்திலோ நடுவில் ஒரு கம்பம், அதில் குழாய் ஒலிபெருக்கி, சுற்றிலும் சைக்கிள் தடம். ஒருவர் ஏறினால் மூன்று நாள், ஐந்து நாள், சில ஊர்களில் ஏழு நாள் வரை தரையில் கால் வைக்க மாட்டார். சாப்பாடு, குளியல், சட்டை மாற்றுவது எல்லாம் சைக்கிள் மேலேயே. பெண்கள் குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றுவார்கள்; அவர் ஒரு கையால் சோப்பு போட்டுக்கொண்டே வட்டமடிப்பார். இரவில் ரெக்கார்டு டான்ஸ், டியூப் லைட்டை நெஞ்சில் உடைப்பது, ஆளை மண்ணுக்குள் புதைத்து எடுப்பது. கடைசி நாளில் சட்டை நிறைய ரூபாய் நோட்டுகளைக் குத்துவார்கள். போகுமிடம் இல்லாத சவாரியை ஒரு ஊரே ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தது. 2020இல் கூடத்தில் மிதித்தவரைக் கைபேசியில் பார்த்தவர்களுக்கும் அந்தத் திடலில் நின்றவர்களுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பழையவருக்குக் காசு கிடைத்தது. புதியவர் மாதச் சந்தா கட்டினார்.

டெல்டாவின் உண்மையான முதல் சைக்கிள் கிளப் எது என்று கேட்டால், வாடகை சைக்கிள் கடையைச் சொல்வதுதான் நியாயம். கீற்றுக் கொட்டகை, வரிசையாக நிற்கும் வண்டிகள், மட்கார்டில் கடைப் பெயரும் எண்ணும், மேசையில் ஒரு நீள நோட்டு. எடுத்த நேரம், வந்த நேரம், யார் வீட்டுப் பிள்ளை என்ற அடையாளம் எல்லாம் அதில் ஏறும். ஓட்டிய தூரத்தை இன்று செயலியில் பதிந்து ஊருக்குக் காட்டுகிறார்கள். அன்று கடைக்காரர் நோட்டைப் புரட்டினால் எந்தப் பையன் எந்தச் சனிக்கிழமை எத்தனை மணி நேரம் சுற்றினான் என்பது தெரிந்துவிடும். அப்பாவுக்கும் தெரிந்துவிடும், அதுதான் சிக்கல். சீட்டில் கால் எட்டாத பிள்ளைகள் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றதும் அந்த வாடகை வண்டிகளில்தான். ராசி அழகப்பனின் 'சைக்கிள்' என்ற கதையை எடுத்து, 'குரங்கு பெடல்' என்ற பெயரிலேயே 2024இல் இயக்குநர் கமலக்கண்ணன் படம் எடுத்தார்.

கடையோடு சேர்ந்து ஒரு தொழிலும் இருந்தது. தண்ணீர்த் தொட்டியில் டியூபை முக்கிக் குமிழி பார்ப்பது, உப்புத்தாளால் தேய்த்துப் பஞ்சர் ஒட்டுவது, வால்டியூப் மாற்றுவது, போக்ஸ் கம்பியை ஒவ்வொன்றாக முறுக்கிச் சக்கரத்தின் கோட்டம் எடுப்பது. கோட்டம் எடுப்பது கண்ணும் காதும் சேர்ந்து செய்யும் வேலை. கம்பியைத் தட்டினால் வரும் ஒலியிலேயே எது தளர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். வண்டி வைத்திருப்பவர் ஆண்டுதோறும் வரி கட்டிப் பித்தளைப் பில்லை ஒன்றை வாங்கி வண்டியில் மாட்ட வேண்டும். இரவில் விளக்கில்லாமல் போனாலும், டபுள்ஸ் போனாலும், போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கி விடுவார். வாடகை வண்டியாக இருந்தால் தள்ளிக்கொண்டு வரும் நேரத்துக்கும் சேர்த்து வாடகை ஏறும்.

மாவட்ட எல்லையைச் சைக்கிளில் கடக்க அஞ்சுவதும் குத்தாலத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. 1960களிலும் 70களிலும் ஒருங்கிணைந்த தஞ்சை மாவட்டத்து நெல்லும் அரிசியும் அரசு அனுமதி இல்லாமல் வெளியே போகத் தடை இருந்தது. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் விலை ஏறியதும் சைக்கிள் கேரியரில் மூட்டை ஏறியது. சோதனைச் சாவடிக்கு முன்னே இறங்கி, கரைவழியே உருட்டிக்கொண்டு போனார்கள். 1991இல் மாவட்டம் பிரிந்தபோது குத்தாலம் நாகப்பட்டினத்தோடு போனது. மேற்கே அடுத்த ரயில் நிறுத்தங்களில் ஒன்றான ஆடுதுறை தஞ்சையிலேயே நின்றது. அன்று காகிதத்தில் மட்டும் இருந்த அந்தக் கோடு, 2020இல் இ-பாஸ் கேட்கும் கோடாக மாறியது. காலையில் மேற்கே கிளம்பிய தனிச் சவாரிக்காரர் ஆடுதுறைக்கு முன்பே வண்டியைத் திருப்ப வேண்டியதாயிற்று. மாநிலத்துக்குள் இ-பாஸ் தேவையில்லை என்ற நிலை செப்டம்பர் 1 அன்றுதான் வந்தது.

கிளப் வேறு, சைக்கிள் வேறு என்பதை அந்த மாதங்கள் நன்றாகக் காட்டின. பஸ் இல்லை, பாசஞ்சர் ரயில் இல்லை. மார்ச் மாதக் கடைசி நாளில் கும்பகோணம் பக்கத்திலிருந்து அறுபதைத் தாண்டிய கூலித் தொழிலாளி ஒருவர், மனைவியின் புற்றுநோய் மருத்துவத்துக்குத் தவணை தவறக் கூடாதென்று அவரைக் கேரியரில் உட்காரவைத்துப் புதுச்சேரி ஜிப்மருக்கு மிதித்தார். நூறு கிலோமீட்டருக்கு மேல், ஒரே நாளில். மருத்துவர்கள் சிகிச்சை கொடுத்து ஆம்புலன்சில் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். மே மாதத்தில் பீகாரைச் சேர்ந்த பதினைந்து வயதுச் சிறுமி, காயம்பட்ட தந்தையைப் பின்னால் உட்காரவைத்து குருகிராமிலிருந்து தர்பங்கா வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் ஓட்டிவந்தாள். அவளைத் தேர்வுக்கு வரச் சொல்லி இந்திய சைக்கிள் பந்தய சம்மேளனம் அழைத்தது. அந்த அழைப்பைப் பெருமையாக எழுதியவர்கள், அவள் அப்படி ஓட்ட நேர்ந்த வெட்கத்தைச் சுருக்கமாக எழுதினார்கள்.

கூட்டமாகச் சைக்கிள் விட்டதில் தமிழ்நாட்டின் பெரிய எடுத்துக்காட்டு டெல்டாவுக்குத் தெற்கே, புதுக்கோட்டையில் இருக்கிறது. 1991இல் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை முன்னின்று நடத்தினார். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடானபோது பெண்கள் பார் வைத்த வண்டியையே எடுத்தார்கள்; பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பது அவர்கள் கண்டுபிடித்த வசதி. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்குத் தொடங்கி, பின்னர் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர் அனைவருக்கும் வந்த விலையில்லா சைக்கிளையும் அந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். ஊரடங்கில் பள்ளி மூடிக் கிடந்தபோது தெருவில் ஓடத் தயாராக வண்டிகள் இருந்ததற்கு அத்திட்டமும் ஒரு காரணம். கிளப்காரர்களின் விலை உயர்ந்த வண்டிகளைவிட எண்ணிக்கையில் பல மடங்கு அவை.

சந்தையும் திரும்பியது. ஏப்ரல் 2020இல் நின்றுபோயிருந்த சைக்கிள் விற்பனை, மே முதல் செப்டம்பர் வரை நாடு முழுவதும் 41,80,945 வண்டிகளைத் தொட்டதாக அகில இந்திய சைக்கிள் உற்பத்தியாளர் சங்கம் கணக்குச் சொன்னது. மே மாதத்தில் நான்கரை லட்சமாக இருந்தது செப்டம்பரில் பதினொன்றே கால் லட்சத்தை நெருங்கியது. கடைகளில் பேர் எழுதிவைத்துக் காத்திருந்தார்கள். ஆனால் 1951 முதல் சைக்கிள் செய்துவந்த அட்லஸ், தன் கடைசி ஆலையான சாகிபாபாத் ஆலையை இதே கோடையில்தான் மூடியது. மூடிய நாள் ஜூன் 3, ஐ.நா. அறிவித்த உலக சைக்கிள் தினம். தேவை பெருகிய மாதத்தில் ஆலை மூடப்படுவதற்குத் தொற்றின் மேல் மட்டும் பழி போட முடியாது. அந்த நிறுவனத்தின் மாலன்பூர், சோனிப்பட் ஆலைகள் முன்பே மூடப்பட்டிருந்தன.

ஜூன் 12 அன்று, எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, மேட்டூர் அணை குறித்த தேதியில் திறக்கப்பட்டது. வயல் வேலைக்குத் தடையில்லை. கரைமேல் மீண்டும் சைக்கிள்கள் ஓடின. கேரியரில் மண்வெட்டி, ஹேண்டில்பாரில் தூக்குச்சட்டி. அவர்களுக்குக் கிளப்பும் இல்லை, ஊரடங்கும் ஓரளவுக்குத்தான்.

கிளப்புகள் மெல்லத் திரும்பின. முதலில் இருவர், இடைவெளி விட்டு. பிறகு நால்வர், முகக்கவசத்தோடு. 2021 மே மாதத்தில் இரண்டாம் அலையின் ஊரடங்கு மறுபடி எல்லாரையும் வீட்டுக்குள் தள்ளியது. அந்த அலை தணிந்த ஜூலையில் காவல்துறைத் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்றிருந்த சைலேந்திர பாபு, நெடுந்தூரச் சைக்கிள்காரராகவும் பெயர் பெற்றவர். சைக்கிளில் காற்றைப் பிடுங்கிய போலீஸை நினைவில் வைத்திருந்த தலைமுறைக்கு அது ஒரு வேடிக்கையான மாற்றம். அதற்குள் மயிலாடுதுறை மாவட்டமும் 2020 டிசம்பர் 28 அன்று முறைப்படி பிறந்துவிட்டது. ஆடுதுறை இன்னமும் அடுத்த மாவட்டம்தான்.

கிளப் சவாரிகள் எல்லாம் கைபேசியில் தேதியோடு, வரைபடத்தோடு பத்திரமாக இருக்கின்றன. வாடகைக் கடை நோட்டுகள் எடைக்குப் போய்விட்டன. உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் சைக்கிள் பில்லை ஏதாவது கிடந்தால் எடுத்துத் துடைத்துப் பாருங்கள்; ஊர்ப் பெயரும் ஆண்டும் அதில் பொறித்திருக்கலாம். பழைய இரும்புக்காரர் பித்தளை விலைக்குத்தான் எடுப்பார். அதற்கு முன் ஒரு படமாவது எடுத்து, யாருடைய வண்டி என்று பின்னால் எழுதி வையுங்கள்.